மல்டிவேல்யூ பேசிக்: பிழையே இல்லாமல் கம்பைல் ஆகிறது, ஓடும்போது வேறு வேலை செய்கிறது. இதற்குத் தரநிலை எதுவும் கிடையாதா?

பச்சைத்திரை:

வணக்கம். ஆர்டர், ஸ்டாக், பில்லிங் எல்லாம் சேர்ந்த ஒரு பழைய அப்ளிகேஷனைப் பராமரிக்கிறேன். பல வருடங்களாக யூனிவெர்ஸ் என்ற மல்டிவேல்யூ டேட்டாபேஸில் (ஒரே ஃபீல்டுக்குள் பல வேல்யூ வைக்க விடுகிற வகை), ஐடியல் ஃப்ளேவர் (அங்கே மொழி வழக்கைத் தேர்ந்தெடுக்கிற அமைப்பு) அக்கவுண்டில் ஓடுகிறது, பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. இப்போது அதே சோர்ஸை, பிக் என்ற பழைய அமைப்பின் வழியில் வந்த ஓபன்கியூஎம், டி3 என்ற இன்னும் இரண்டு மல்டிவேல்யூ டேட்டாபேஸ்களிலும் ஓட வைக்க வேண்டும், வாங்க வந்திருக்கும் இரண்டு பேரிடமும் ஏற்கனவே அவைதான் இருக்கின்றன. "எல்லாம் பிக் குடும்பம்தானே, கொண்டுபோய்ப் போட்டுக் கம்பைல் பண்ண வேண்டியதுதானே" என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

கம்பைல் பண்ணும்போது வருகிற பிழைகளைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. வரி எண்ணோடு சொல்கிறது, போய்த் திருத்துகிறோம், முடிந்தது. சத்தமே போடாமல் கம்பைல் ஆகிவிட்டு, ஓடும்போது வேறு எதையோ செய்கிற கோடுதான் பாடாய்ப் படுத்துகிறது. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது லொகேட், அதாவது ஒரு வேல்யூ எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடுகிற கட்டளை. ஆர்டர் ரெக்கார்டில் மூன்றாவது ஃபீல்ட் ஐட்டம் கோடுகள், நான்காவது ஃபீல்ட் அவற்றின் அளவுகள், இரண்டுமே மல்டிவேல்யூ. "லொகேட் ஐட்டம் இன் ஆர்டர்<3> செட்டிங் பொஸ்" என்று எங்கள் கோடு முழுக்க இருக்கிறது. யூனிவெர்ஸ் ஐடியல் ஃப்ளேவரில் இதற்கு அர்த்தம், மூன்றாவது ஃபீல்டுக்குள் இருக்கும் வேல்யூக்களில் தேடு. ஓபன்கியூஎம்மில் சும்மா விட்டால் பிரைம் இன்ஃபர்மேஷன் என்ற பழைய தளத்தின் வழக்கப்படி எடுத்துக்கொள்கிறது, அதாவது மூன்றாவது ஃபீல்டிலிருந்து ஆரம்பித்து முழு ஃபீல்டுகளாகத் தேடு. விளைவு என்ன தெரியுமா? ஒரே ஒரு ஐட்டம் உள்ள ஆர்டரில் 'கிடைத்துவிட்டது' என்கிறது, ஏனென்றால் அங்கே ஃபீல்ட் முழுக்கவே அந்த ஒரு கோடுதான். ஆனால் பொஸ் 1 என்று வராமல் 3 என்று வருகிறது, அப்புறம் அளவைத் தேடி ஆர்டர்<4,3>-க்குப் போனால் அங்கே வெறுமை. பல ஐட்டம் உள்ள ஆர்டரில் கிடைக்கவே இல்லை என்று எல்ஸ் பக்கம் போய், ஏற்கனவே இருக்கும் ஐட்டத்தையே புது வரியாக இன்னொரு தடவை சேர்க்கிறது.

இரண்டாவது மேட்ரீட் (ரெக்கார்டை ஃபீல்ட் ஃபீல்டாக ஒரு அரேக்குள் படிப்பது; திருப்பி எழுதுவது மேட்ரைட்), டி3 பக்கம். வாடிக்கையாளர் ரெக்கார்டுக்கு 20 என்று டிம் (அரேயின் அளவு) போட்ட பழைய புரோகிராம் ஒன்று. காலப்போக்கில் ரெக்கார்ட் 23 ஃபீல்ட் வரை வளர்ந்துவிட்டது. யூனிவெர்ஸ் ஐடியலில் அரேக்குப் பூஜ்யமாவது இடம் உண்டு, மிஞ்சின 21, 22, 23 மூன்றும் அங்கே போய் உட்காரும், மேட்ரைட் பண்ணும்போது பத்திரமாகத் திரும்பிப் போகும். டி3-யில் பூஜ்யமாவது இடம் கிடையாது, மிஞ்சினதெல்லாம் கடைசி இடத்தில், அதாவது 20-வது இடத்திலேயே ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் புரோகிராம் அந்த 20-வது இடத்தில் கடைசியாகத் திருத்திய தேதியைப் போடும். போட்டது, மூன்று ஃபீல்ட் காலி. சோதனை டேட்டாவில் நடந்ததால் பிழைத்தோம்.

என் கேள்வி இதுதான். சி-க்கு, கோபாலுக்கு, எஸ்க்யூஎல்லுக்கெல்லாம் தரநிலை இருக்கிற மாதிரி மல்டிவேல்யூ பேசிக்குக்கு ஏதாவது உண்டா? இல்லையென்றால் எந்த வழக்கில் எழுதினால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடும்? இப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பதற்கே அர்த்தம் இருக்கிறதா, அல்லது காலம் கடந்துவிட்டதா?

—

பழைய_டெர்மினல்:

ஒரு வரியில் பதில்: உயிரோடு இருக்கிற தரநிலை எதுவும் இல்லை. ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் விளக்கினால்தான் உங்கள் லொகேட் ஏன் இப்படி ஆனது என்பதும் புரியும்.

1965-ல் டிஆர்டபிள்யூ நிறுவனத்தில் டான் நெல்சனும் டிக் பிக்கும் சேர்ந்து செய்த வேலை இது. அமெரிக்க ராணுவத்தின் ஷயான் ஹெலிகாப்டர் திட்டத்துக்கு உதிரிபாகக் கணக்கு வைக்கத்தான் முதலில் எழுதினார்கள். 1973-ல் மைக்ரோடேட்டா அதை ரியாலிட்டி என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கப்புறம் டிக் பிக் ஒவ்வொரு கம்ப்யூட்டர் தயாரிப்பாளருக்கும் லைசென்ஸ் கொடுத்துக்கொண்டே போனார், அவரவர் தங்கள் மெஷினுக்குத் தகுந்தபடி மாற்றி, தங்கள் பெயரையும் ஒட்டிக்கொண்டார்கள். கேள்வி மொழியையே பாருங்கள். மைக்ரோடேட்டாவில் இங்கிலீஷ், பிக்கில் ஆக்சஸ், அல்டிமேட்டில் ரீகால், யூனிவெர்ஸில் ரெட்ரீவ், யூனிடேட்டாவில் யூனிகுவெரி. 'லிஸ்ட்', 'சார்ட்', 'வித்' எல்லாம் எல்லாவற்றிலும் உண்டு, ஒன்று தெரிந்தவன் மற்றதில் அரை மணியில் வேலையை ஆரம்பித்துவிடலாம், ஆனாலும் பெயர் மட்டும் தனித்தனி.

இதுவரை சொன்னது ஒரே வம்சத்துக்குள் வந்த வித்தியாசம். உண்மையான பிளவு பிரைம் இன்ஃபர்மேஷனில் வந்தது. அவர்கள் பிக்கின் கோடை வாங்கவில்லை, அதே எண்ணத்தை வைத்துக்கொண்டு தாங்களாகவே எழுதினார்கள். டிக்ஷனரியில் (ஃபீல்டுகளை விவரிக்கிற ஃபைல்) ஏ, எஸ் வகைக்குப் பதிலாக டி, ஐ வகை. லொகேட்டில் அடைப்புக்குறிக்குப் பதிலாக 'இன்', 'செட்டிங்'. அரேயில் பூஜ்யமாவது இடம். சும்மா சொல்லக்கூடாது, பல விஷயங்களில் இன்ஃபர்மேஷன்தான் யோசித்துச் செய்திருக்கிறது, ஐ-டிஸ்கிரிப்டரில் (அந்த ஐ வகை) பேசிக் மாதிரியே கணக்கெழுதிப் பழகினவன் பிக்கின் எஃப்-கோரிலேட்டிவ் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். ஆனால் அன்றிலிருந்து இரண்டு குடும்பம். நீங்கள் சொன்ன இரண்டு உதாரணமும் இந்தப் பிளவின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஓபன்கியூஎம் அடிப்படையில் இன்ஃபர்மேஷன் பக்கத்துப் பிள்ளை, டி3 நேரடியாக பிக் பக்கம். யூனிவெர்ஸ் இரண்டு பக்க வாடிக்கையாளரையும் பிடிக்க ஃப்ளேவர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது: ஐடியல், பிக், இன்ஃபர்மேஷன், ரியாலிட்டி, இன்2, பிஐஓபன். ஒரே வீட்டுக்குள் ஆறு அடுப்பு. உங்களுடைய ஐடியல் இருக்கிறதே, அது அரே விஷயத்தில் இன்ஃபர்மேஷன் பக்கமும் லொகேட் விஷயத்தில் ரியாலிட்டி பக்கமும் சாய்கிற கலப்பு. அதனால்தான் எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒன்று உதைக்கிறது.

தரநிலைக்கு முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 80-களில் தயாரிப்பாளர்கள் சேர்ந்து ஸ்பெக்ட்ரம் மேனுஃபாக்சரர்ஸ் அசோசியேஷன் என்று வைத்து, எஸ்எம்ஏ தரநிலை என்று எழுதினார்கள். நடைமுறையில் பெரும்பாலானவர்கள் பிக் சிஸ்டம்ஸின் ஆர்83 வெளியீட்டைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள், 'ஆர்83-ல் ஓடினால் எங்கும் ஓடும்' என்பது ரொம்ப நாள் பேச்சு வழக்கு. ஆர்83-ல் சாக்கெட் கிடையாது, எக்ஸ்எம்எல் கிடையாது, ஜேசன் கிடையாது. இன்றைக்கு ஒரு அப்ளிகேஷனை அதற்குள் அடக்கிவிட முடியாது.

—

ஏழாம்_ஃபீல்ட்:

டெர்மினல் சார் வரலாற்றைச் சொல்லிவிட்டார், நான் வேலைக்கு ஆகிறதைச் சொல்கிறேன்.

பச்சைத்திரை, நீங்கள் சொன்னதில் மிக முக்கியமான வாக்கியம் 'சத்தமே போடாமல் கம்பைல் ஆகிவிட்டு' என்பதுதான். டயலெக்ட் பற்றிப் பேசும்போது நிறையப் பேர் எழுத்திலக்கணத்தையே பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள். '$இன்சர்ட்டா $இன்க்ளூடா', 'பெர்ஃபார்மா எக்ஸிகியூட்டா', 'சமமில்லை என்பதற்கு #-ஆ <>-ஆ'. இதெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி மாற்றிவிடுகிற விஷயம். எழுத்து ஒன்று, நடத்தை வேறு என்று இருக்கிறதே, தரநிலை வேண்டியது அதற்குத்தான்.

உங்களுக்கு இன்னும் தட்டுப்படாத ஒன்றைச் சொல்கிறேன், உடனே போய்ப் பாருங்கள். ஆர்டரில் 3 ஐட்டம், 4 அளவு, 5 தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். புது வரி சேர்க்கும்போது பலரும் ஆர்டர்<3,-1>, ஆர்டர்<4,-1>, ஆர்டர்<5,-1> என்று மூன்றிலும் கடைசியில் ஒட்டுவார்கள். தள்ளுபடி இல்லாத வரிக்கு வெற்று ஸ்ட்ரிங்கை ஒட்டுவார்கள். இந்த வெற்று ஸ்ட்ரிங்கை ஒட்டும்போது ஒரு வேல்யூ மார்க் (வேல்யூக்களைப் பிரிக்கிற குறி) கூடுமா கூடாதா? சில வழக்கில் கூடும், சில வழக்கில் 'ஒட்டுவதற்கு ஒன்றுமில்லையே' என்று அப்படியே விட்டுவிடும். யூனிவெர்ஸில் இதை மாற்றவென்றே எக்ஸ்ட்ரா.டெலிம் என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது என்றால் எத்தனை பேர் இதில் அடி வாங்கியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூடாத இடத்தில் என்ன ஆகும்? முதல் வரிக்கு 10 சதவீதம், இரண்டாவதுக்கு எதுவும் இல்லை, மூன்றாவதுக்கு 5 என்று போட்டால், தள்ளுபடி ஃபீல்டில் 10, 5 என்று இரண்டே வேல்யூ நிற்கும். மூன்றாவது வரியின் 5 சதவீதம் இரண்டாவது வரிக்குப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பில்லின் மொத்தம் மட்டும் தப்பு, அதுவும் நம்புகிற மாதிரியான தப்பு.

இதற்கு மருந்து எளிது. -1-ஐ விட்டுவிடுங்கள். ஐட்டம் ஃபீல்டில் டிகவுண்ட் போட்டு (எத்தனை வேல்யூ என்று எண்ணி), அதில் ஒன்றைக் கூட்டி, அந்த எண்ணை மூன்று ஃபீல்டுக்கும் நேராகக் கொடுங்கள். எந்தத் தளத்திலும் ஒரே அர்த்தம்தான்.

லொகேட்டுக்கும் அப்படித்தான், ஃபீல்ட் எண் மட்டும் கொடுத்தால்தானே குழப்பம்? தேடவேண்டிய ஃபீல்டைத் தனி வேரியபிளில் எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு சப்ரூட்டீனுக்குள் தேடுங்கள், மற்ற கோடெல்லாம் அந்த சப்ரூட்டீனைத்தான் கூப்பிட வேண்டும். தளத்துக்குத் தளம் மாறுவது அந்த ஒரு சப்ரூட்டீன் மட்டும். கொஞ்சம் வேகம் குறையும், உண்மைதான், லட்சக்கணக்கான தடவை சுற்றுகிற லூப்பில் மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஃப்ளேவரை அக்கவுண்டை நம்பி விடாதீர்கள். யூனிவெர்ஸில் $ஆப்ஷன்ஸ், ஓபன்கியூஎம்மில் $மோட், இவற்றை சோர்ஸின் தலையிலேயே எழுதிவையுங்கள். ஓபன்கியூஎம்மில் உங்கள் லொகேட் பிரச்சனைக்கு யூவி.லொகேட் என்று ஒரு மோடே இருக்கிறது, யூனிவெர்ஸில் அதற்கு எதிர்த்திசையில் இன்ஃபோ.லொகேட். எல்லா புரோகிராமும் இழுக்கிற ஒரே இன்க்ளூட் ஃபைலில் போட்டால், கோடைப் படிக்கிறவனுக்கு 'இது எந்த வழக்கு' என்று தெரியும். இப்போது அந்தத் தகவல் அக்கவுண்டை உருவாக்கின ஆளின் மண்டைக்குள் மட்டும் இருக்கிறது, அவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

பணத்தைப் பற்றி ஒரு வரி. தசமத்தோடு சேமித்திருந்தால் மாற்றிவிடுங்கள். பழைய பிக்கில் நான்கு தசம இடத்துக்குள் முழு எண்ணாகக் கணக்கு போடுவார்கள், ஒன்றை மூன்றால் வகுத்து மூன்றால் பெருக்கினால் 0.9999 வரும். மிதவைப் புள்ளிக் கணக்குப் போடுகிற தளத்தில் 1 என்றே வரும். சிறிய அலகில் முழு எண்ணாக வைத்து, காட்டும்போது மட்டும் எம்டி2 (இரண்டு தசம இடத்தோடு காட்டுகிற குறி) போட்டால் இந்தச் சண்டையே வராது. நம் ஆட்கள் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் செய்து வந்தார்கள், இடையில் வந்த சிலர்தான் கெடுத்தது.

—

எஸ்க்யூஎல்_பக்கம்:

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தரநிலை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில்தான் எனக்குச் சந்தேகம்.

எஸ்க்யூஎல்லுக்கு 1986-லேயே ஆன்ஸி தரநிலை வந்துவிட்டது. முதல் பத்து வரி மட்டும் கொடு என்று கேட்பதற்கு ஒருவர் லிமிட் என்கிறார், ஒருவர் டாப் என்கிறார், தரநிலையில் ஃபெட்ச் ஃபர்ஸ்ட் என்று வந்ததே 2008-ல்தான். அதற்குள் ஒவ்வொருவரின் கோடும் மலைபோலச் சேர்ந்துவிட்டது, யார் மாற்றுவது? ஆரக்கிளில் வெற்று ஸ்ட்ரிங் என்றால் நல், மற்ற இடத்தில் வெற்று ஸ்ட்ரிங் வேறு நல் வேறு, இதுவும் நீங்கள் சொல்கிற 'சத்தமே போடாத' வகைதான், தரநிலை இருந்தும் இருக்கிறது. பேசிக்கையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1978-ல் மினிமல் பேசிக் என்று ஆன்ஸி தரநிலை, 1987-ல் ஃபுல் பேசிக் என்று இன்னொன்று. அந்த இரண்டையும் மதித்து எழுதின புரோகிராமை யாராவது பார்த்திருக்கிறீர்களா? உலகம் பாட்டுக்கு மைக்ரோசாஃப்ட் போட்ட பாதையில் போய்விட்டது.

இன்னொரு விஷயம். உங்கள் உலகத்தில் போட்டிக்கு இன்னும் எத்தனை பேர் மிச்சம்? யூனிவெர்ஸும் யூனிடேட்டாவும் 2009-ல் ஐபிஎம்மிடமிருந்து ராக்கெட் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போயின. டி3-யும் எம்விபேஸும் 2013-ல் அதே இடத்துக்கு. ஜேபேஸும் ஓபன்கியூஎம்மும் 2021-ல் ஸுமாசிஸிடமிருந்து அங்கேயே. பச்சைத்திரை சொன்ன மூன்றுமே இப்போது ஒரே கூரைக்கு அடியில். பல கம்பெனிகள் கூடிப் பேசித் தரநிலை எழுத வேண்டிய தேவையே போய்விட்டதே, ஒரு கம்பெனி நினைத்தால் செய்துவிடலாம். அவர்கள் ஏன் நினைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. இந்த டேட்டாபேஸ்களை வாங்குகிறவன் டேட்டாபேஸுக்காக வாங்குவதில்லை, மேலே ஓடுகிற அப்ளிகேஷனுக்காக வாங்குகிறான். அவனுக்கு டயலெக்ட் மாறக்கூடாது, அவ்வளவுதான்.

—

பழைய_டெர்மினல்:

எஸ்க்யூஎல் நண்பர் சொன்னதில் ஒரே கூரை விஷயம் சரி. ஆனால் ஒரே கூரை என்பதால் ஒரே மொழியாகிவிடாது. யூனிவெர்ஸும் யூனிடேட்டாவும் ஒரே கையில் இருப்பது 1998-ல் ஆர்டென்ட் காலத்திலிருந்தே, விமார்க்கும் யூனிடேட்டாவும் இணைந்ததே அப்போதுதான். அப்புறம் இன்ஃபார்மிக்ஸ், ஐபிஎம், ராக்கெட் என்று கை மாறியும் இன்றுவரை இரண்டும் இரண்டாகத்தான் இருக்கின்றன. யூனிடேட்டாவில் ஒரு புரோகிராமை கம்பைல் பண்ணும்போது பேசிக்டைப் (எந்த வழக்கு என்ற அமைப்பு) யூ-வா பி-யா என்று கேட்டுத்தான் ஆகவேண்டும், ஷெல்லில் இசிஎல்டைப் வேறு. இணைத்தால் பழைய வாடிக்கையாளர் யாராவது ஒருவருடைய கோடு உடையும், அதற்கு எந்த முதலாளியும் துணிய மாட்டார்.

பேசிக் தரநிலை தோற்றது என்பதும் சரி. ஆனால் நமக்கு இன்னும் நெருக்கமான உறவுக்காரர் மம்ப்ஸ். அதுவும் 60-களில் பிறந்தது, அதுவும் டேட்டாபேஸும் மொழியும் ஒட்டியே பிறந்த பிள்ளை, அதிலும் ஆரம்பத்தில் பல வழக்குகள். 1977-லேயே ஆன்ஸி தரநிலை வாங்கிவிட்டார்கள். பயன்படுத்துகிற ஆஸ்பத்திரிகளும் அரசாங்கமும் பக்கத்தில் நின்று கேட்டதால் நடந்தது. நம் பக்கம் பயன்படுத்துகிறவர்கள் எல்லாம் சிறு வியாபாரம், மொத்த விற்பனை, உதிரிபாகக் கடை, ஒருவரையொருவர் தெரியவே தெரியாது. கேட்பதற்கு ஆளில்லை, அதனால் வரவில்லை. நுட்பக் காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது.

—

பச்சைத்திரை:

எல்லோருக்கும் நன்றி. ஏழாம் ஃபீல்ட், <-1> விஷயத்தைத் தேடிப் பார்த்தேன், தள்ளுபடியில் இல்லை, டெலிவரி தேதி ஃபீல்டில் அப்படியே இருக்கிறது. திருத்திக்கொண்டிருக்கிறேன்.

ஒரு துணைக் கேள்வி. அடுத்த கட்டமாக வெளியிலிருந்து வெப் சர்வீஸ் வழியாக ஆர்டர் எடுக்க வேண்டும், பெயர் முகவரியெல்லாம் யூனிகோடில் வரும், தமிழும் உண்டு. 254, 253, 252 என்று பைட்டுகளை டெலிமிட்டராக வைத்திருக்கிற ஒரு டேட்டாபேஸில் இது ஓடுமா? இதிலாவது எல்லாத் தளமும் ஒரே மாதிரியா?

—

குறி253:

டெலிமிட்டர் எண்களில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. ஃபீல்ட் மார்க் 254, வேல்யூ மார்க் 253, சப்வேல்யூ மார்க் 252. தேதியிலும் அப்படியே, 1967 டிசம்பர் 31 எல்லா இடத்திலும் பூஜ்யம், 2000 ஜனவரி 1 எல்லா இடத்திலும் 11689. ஒரு தரநிலைக் குழுவும் கூடாமல் வந்த ஒற்றுமை இது.

லத்தீன்-1 எழுத்துகளில் வந்தால்தான் ஆபத்து. ஜெர்மன் பெயரில் வருகிற இரட்டைப்புள்ளி யூ சரியாக 252. அப்படியே உள்ளே விட்டால் பெயர் அந்த இடத்தில் இரண்டு சப்வேல்யூவாகப் பிளந்துவிடும். ஐஸ்லாண்டின் தோர்ன் எழுத்து 254, அது வந்தால் ரெக்கார்டே ஒரு ஃபீல்ட் நகர்ந்துபோகும்.

யூடிஎஃப்-8 ஆக வந்தால் இந்த மோதல் இல்லை. அதில் 252, 253, 254 பைட்டுகள் எங்குமே வராது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 224-ல் தொடங்கி, அப்புறம் 128-க்கும் 191-க்கும் இடையில் இரண்டு பைட். எனவே உள்ளே போவதும் வெளியே வருவதும் பிரச்சனை இல்லை, வெறும் பைட்டாக எண்ணினால் எந்தத் தளமும் அதை அப்படியே வைத்துக்கொள்ளும்.

தொல்லை அளக்கும்போது ஆரம்பிக்கும். 'அம்மா' என்று போட்டு லென் (நீளம்) கேட்டால் பைட்டை எண்ணுகிற தளத்தில் 15 என்று வரும், குறியீட்டை எண்ணுகிற தளத்தில் 5 என்று வரும் (அ, ம, புள்ளி, ம, கால்), பார்க்கிற கண்ணுக்கு 3. ரிப்போர்ட்டில் பெயர்[1,25] என்று வெட்டினால் பைட் கணக்கில் எட்டு குறியீடும் ஒன்பதாவதின் முதல் பைட்டும் வரும், திரையில் கடைசியில் ஒரு கட்டம் தெரியும். யூனிவெர்ஸில் என்எல்எஸ் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் எழுத்து வரைபடம் எல்லாம் அது பார்த்துக்கொள்ளும், ஆனால் என்எல்எஸ் போட்ட தளத்துக்கும் போடாத தளத்துக்கும் ஒரே லென் வேறு வேறு பதில் தரும். இதுவும் டயலெக்ட்தான், யாரும் அப்படிச் சொல்வதில்லை. என் யோசனை, நீளம் அளப்பது, வெட்டுவது, பத்தியில் நிரப்புவது, இந்த மூன்றையும் உங்கள் சொந்த சப்ரூட்டீன் வழியாக மட்டும் செய்யுங்கள்.

வெப் சர்வீஸ் பக்கம் வந்தால் ஒற்றுமை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜேசனுக்கு யூனிவெர்ஸில் யூடிஓ என்று ஒரு குடும்பமே இருக்கிறது, யூடிஓகிரியேட், யூடிஓரீட் என்று. சாக்கெட் திறக்க அங்கே ஒரு ஃபங்ஷன், ஓபன்கியூஎம்மில் வேறு பெயரில் வேறு ஒன்று, டி3-யில் சி மொழியிலிருந்து அப்படியே கொண்டுவந்த, சதவீதக் குறியோடு தொடங்குகிற %சாக்கெட். பழைய வேறுபாடுகளுக்காவது 'அப்போதே அப்படி' என்று சாக்கு உண்டு. இவையெல்லாம் பிக் பிறந்து எத்தனையோ காலத்துக்கப்புறம் சேர்த்தவை, உடைவதற்குப் பழைய கோடே இல்லாத இடம், அங்கே போய் ஆளுக்கொரு பெயர் வைத்தார்களே என்றுதான் எனக்கு எரிச்சல். தரநிலை என்று ஒன்றைக் கேட்டால் நான் இங்கேதான் கேட்பேன். லொகேட்டை இனி யாராலும் ஒன்றாக்க முடியாது.

—

ஏழாம்_ஃபீல்ட்:

குறி253 கடைசியில் சொன்னதை அப்படியே ஏற்கிறேன், ஒரு சின்ன சேர்க்கையோடு. லொகேட்டை ஒன்றாக்க வேண்டாம், ஆனால் எந்தத் தளத்தில் எப்படி நடக்கிறது என்பதை எழுதிவைக்கலாமே. எஸ்க்யூஎல் தரநிலையால் வேறுபாடு போகவில்லை என்றார் நண்பர், சரி, ஆனால் வேறுபாடு எங்கே என்று சுட்டிக்காட்ட ஒரு பொது அளவுகோல் கிடைத்ததல்லவா? 'இவர்கள் தரநிலையிலிருந்து இந்த இடத்தில் விலகுகிறார்கள்' என்று சொல்ல முடிகிறது. நமக்கு அப்படிச் சொல்லக்கூட ஆதாரம் கிடையாது, 'உங்களுடையது வேறு, எங்களுடையது வேறு', அவ்வளவுதான்.

அதற்கு கம்பெனிகள் தேவையில்லை. ஒரு சோதனை புரோகிராம் போதும். டேட்டா எதுவும் வேண்டாம், உள்ளேயே ஒரு டைனமிக் அரேயை (மார்க்குகளால் பிரிந்த ஒரே ஸ்ட்ரிங்) கட்டி, ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு எண், பக்கத்தில் வந்த விடை, மார்க்குகளை ^ ] \ என்று மாற்றி ஒரு வரியாக அச்சடிக்க வேண்டும். வெற்று ஸ்ட்ரிங்கை <-1>-ல் ஒட்டினால் என்ன வருகிறது, 'நம்' என்ற எண்-சோதனை ஃபங்ஷனுக்கு வெற்று ஸ்ட்ரிங் கொடுத்தால் எண் என்கிறதா, மூன்று வகை லொகேட்டும் என்ன பொஸ் தருகிறது, சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் ஒரே வேரியபிளா (யூனிவெர்ஸில் வேறு, ஓபன்கியூஎம்மில் ஒன்று), டிகவுண்ட் வெற்றுக்கு என்ன சொல்கிறது, இப்படி. மூன்று தளத்திலும் ஓட்டி, வருகிற மூன்று ஃபைலையும் ஒப்பிட்டால் எங்கே பிரிகிறது என்று வரி வரியாகத் தெரியும். புது வெர்ஷன் வரும்போதெல்லாம் மறுபடி ஓட்டலாம்.

—

எஸ்க்யூஎல்_பக்கம்:

இதற்கு நான் எதிர்ப்பு சொல்ல மாட்டேன். தரநிலைப் புத்தகத்தை விட ஓடுகிற சோதனைக்கு மதிப்பு அதிகம். யாராவது ஆரம்பித்தால் ஒப்பிடுகிற ஸ்கிரிப்டை நான் எழுதித் தருகிறேன்.

—

பச்சைத்திரை:

ஆரம்பித்துவிட்டேன். லொகேட், மேட்ரீட், <-1> மூன்றுக்கும் சோதனை எழுதியாகிவிட்டது, யூனிவெர்ஸில் ஐடியலிலும் பிக் ஃப்ளேவரிலும் ஓட்டினேன், தளம் மாறாமலே இரண்டுக்கும் இடையில் விடைகள் பிரிகின்றன. டி3 விடைகள் கிடைத்ததும் மூன்றையும் சேர்த்து இங்கேயே போடுகிறேன்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. மேட்ரீட் இருக்கிற புரோகிராம்களை என்ன செய்வது? டிம் எண்ணைப் பெரிதாக்கினால் போதுமா, அல்லது எல்லாவற்றையும் சாதா ரீட் ஆக்கி டைனமிக் அரேயாகவே வைத்துக்கொள்வதா?

—

பழைய_டெர்மினல்:

டிம் எண்ணை மட்டும் பெரிதாக்கினால் இன்றைக்குச் சரி, ரெக்கார்ட் மறுபடி வளர்ந்தால் அதே கதை. இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் டிம் வரியை ஒரு இன்க்ளூடில் மட்டும் வையுங்கள், புரோகிராமுக்குள் யாரும் எண் எழுதக்கூடாது. அதில் இப்போதுள்ள ஃபீல்டுகளை விடத் தாராளமாக இடம் விட்டு, கடைசி இடத்தை எந்தப் புரோகிராமும் தொடக்கூடாது என்று வைத்துவிடுங்கள். அப்போது பிக் வழக்கில் மிஞ்சினது அந்தக் கடைசி இடத்தில் நிற்கும், இன்ஃபர்மேஷன் வழக்கில் பூஜ்யத்தில் நிற்கும், இரண்டிலும் மேட்ரைட் அதைத் தொலைக்காமல் திருப்பி எழுதும். புதிதாக எழுதுகிற புரோகிராமில் மேட்ரீடே வேண்டாம், ரெக்கார்ட் சில பத்து ஃபீல்ட் என்றால் டைனமிக் அரேயின் வேகமே போதும். பழையதை இதற்காக மட்டும் பிரித்துப் போடாதீர்கள், வேறு காரணத்துக்காகத் தொடும்போது மாற்றிக்கொண்டே போங்கள்.